பின்கதவும் பிள்ளைகளும்

எங்கள் கஞ்சில் கார் இருபது வயதைக் கடந்தது. மழையிலேயே நின்ற அதன் பின்கதவில் துருவேறி, விரல் நுழையுமளவு ஓட்டை விழுந்தது. "தகரம் வைத்து ஒட்டிவிடலாம், வாத்தியாரே!" என்றனர் தோட்டத்து நண்பர்கள். நான் சம்மதிக்கவில்லை. ஓட்டை வழியே மழைநீர் மட்டுமா வரும்? ஓடும் வண்டியின் பின்னே சுழலும் புகையும் வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, உயிரைக் குடிக்கும். பின்னால் அமர்பவர்கள் பிள்ளைகள் அல்லவா?

கஞ்சில் உற்பத்தி 2009இல் நின்றுவிட்டதால், பழைய உதிரிபாகக் கடையில் துருவற்ற கதவொன்றைத் தேடி வாங்கினோம். முதலில் வயர்களைக் கழற்றினோம். இருவர் கதவைத் தாங்கிப் பிடித்த பிறகே தாங்குதண்டுகளை எடுத்தோம். இல்லையேல் கதவு தலையில் விழும்.

கதவின் அடி விளிம்பில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. மண் அடைத்தால் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். அன்பர்களே, மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் அவற்றைக் குத்திவிடுங்கள். ஈர்க்குச்சிக்குக் காசில்லை, கதவுக்கு உண்டு.