எந்தக் கொப்பியில பார்த்த?

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' பற்றிக் கல்முனைப் பக்கம் பேச்செடுத்தால் அநேகமானோர் சொல்வது ஒன்றுதான்: "அறுவைப் படம் மச்சான், ஒண்டும் விளங்கல்ல." எந்தக் கொப்பியில பார்த்த எண்டு நாங்க திருப்பிக் கேட்போம். சீடிக் கடையில் வாங்கின விசிடி, இல்லாட்டி யாரோ பென்டிரைவ்ல தந்த ஃபைல்.

ஸ்டான்லி குப்ரிக்கின் இந்தப் படம் 65 மில்லிமீட்டர் பிலிமில் எடுக்கப்பட்டு 1968இல் வெளிவந்தது. விசிடியில் இருப்பது 352க்கு 288 புள்ளிகள். 4கே டிஸ்க்கில் 3840க்கு 2160. 80 மடங்குக்கும் மேல் வித்தியாசம். பழைய டீவிக்காக இரண்டு பக்கமும் வெட்டிய கொப்பி என்றால் படத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அப்படியே போய்விடும். ஃபைலைச் சுருக்கும்போது நட்சத்திரங்கள் அழிந்து, கறுப்பு வானம் சாம்பல் கட்டங்களாக நெளியும். முதல் 25 நிமிடமளவில் ஒரு வசனமும் இல்லாத படம் இது. பார்க்கிறதுக்கும் ஒண்டுமில்லாட்டி என்னத்தை விளங்குறது?

சத்தமும் அப்படித்தான். டேவ் ஹெல்மெட் இல்லாமல் கப்பலுக்குள் பாயும் காட்சியில் கதவு வெடித்துத் திறக்கும்; ஒரு சத்தமும் வராது. உள்ளே காற்று நிரம்பும்போதுதான் இரைச்சல் காதில் அறையும். டேப்பிலிருந்து பதிந்த கொப்பியில் அந்த அமைதிக்குள்ளும் "ஸ்ஸ்ஸ்" எண்டு ஓடிக்கொண்டே இருக்கும். 2018இல் வந்த 4கே டிஸ்க், மூல நெகட்டிவிலிருந்து தயாரிக்கப்பட்டது. 1968இல் தியேட்டரில் கேட்ட ஆறு தட ஒலிக்கலவையும் அதில் இருக்கு. அதை நாங்க சேர்ந்து பார்த்தபோது, இந்த இடத்தில் கூட்டாளி ஒருத்தன் எழும்பிப் போய் ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தான். அவ்வளவு சுத்தமான அமைதி!

இதில் எங்களுக்கு ஒரு ஆதங்கமும் இருக்கு. குப்ரிக்கோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 தொடக்கம் 2008இல் இறக்கும் வரை இந்த நாட்டில் வாழ்ந்தவர். நம்ம கிழக்கில், திருகோணமலைக் கடலில் சுழியோடியவர். பூமியோடு சேர்ந்து சுற்றும் தொடர்புச் செய்மதிகள் பற்றி 1945இலேயே எழுதியவர். நம்ம கூரைகளில் உள்ள டிஷ்கள் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் செய்மதிகளைத்தான். அவர் எழுதிய படம் மட்டும் நம்ம ஊருக்கு வெட்டுப்பட்டு வந்து சேர்ந்திருக்கு.

4கே டிஸ்க்கும் பெரிய டீவியும் எல்லார் வீட்டிலும் இல்ல. ஃபோனில் பார்க்கிறதெண்டாலும் முழு அகலமுள்ள, நல்ல கொப்பியாகத் தேடி எடுங்க. லைட்டை அணைச்சு, ஹெட்போன் போட்டு, திரையை நிரப்பும் சூமைத் தொடாமல் ஒருக்கா பாருங்க. அதுக்குப் பிறகும் அறுவை எண்டு சொன்னா நாங்க மறுக்க மாட்டம்.