போன்ல எடுத்த ஏலம்

எங்க ஊர் கண்மாய் மீன் ஏலத்தில் எதிராளி முகம் தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டார் என்றால், இதுக்கு மேல கேக்கமாட்டார்னு அர்த்தம். போன வருஷம் நான் கலந்துகிட்டது வேற மாதிரி. தவணை கட்டாததால் பைனான்ஸ்காரங்க தூக்கின டிராக்டர், ஆன்லைன் ஏலம். முன்பணம் 20,000 கட்டினால்தான் கேட்கவே முடியும்.

மகனிடம் "3 லட்சத்துக்கு மேல போகாதடா" என்றேன். முடிய 2 நிமிஷம் இருக்கும்போது யாரோ 3,05,000 போட்டாங்க. கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் இன்னும் 5 நிமிஷம் நீளும். "இன்னும் ஐயாயிரம்தானே"ன்னு நானே சொல்லிச் சொல்லி 3,60,000-க்கு எடுத்தேன். ஜெயிச்ச சந்தோஷம் அன்னைக்கு ராத்திரி மட்டும்தான்.

"இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்" என்று விதியிலேயே போட்டிருந்தது. படத்தில் பெயின்ட் தெரிந்தது, ஹைட்ராலிக் பழுது தெரியலை. அந்த வேலை, பின் டயர் ரெண்டு, பேட்டரி, லாரி வாடகை, ஆர்.சி. மாற்றம் எல்லாம் சேர்ந்து 95,000. பக்கத்து டவுன் புரோக்கரிடம் அதே வருஷ வண்டி 4,30,000-க்கு நின்றது. ஓட்டிப் பார்த்தே வாங்கியிருக்கலாம்.

அதுக்காக ஆன்லைன் ஏலமே வேண்டாம்னு சொல்லமாட்டேன். முதல்ல மெக்கானிக்கோடு நேரில் போய்ப் பாருங்க. வெளி விலையில் இருந்து ரிப்பேர், வாடகை, மாற்றுச் செலவைக் கழிங்க. வர்ற தொகைக்கும் கொஞ்சம் கீழே ஒரு எண்ணைப் பேப்பர்ல எழுதி வைங்க. அதைத் தாண்டினா போனை வச்சிடுங்க.

இந்த வருஷம் ஒரு டிரெய்லருக்குக் கேட்டேன். எழுதி வச்சது 82,000. எதிராளி 83,000 போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டு எழுந்துட்டேன். முன்பணமும் திரும்ப வந்துடுச்சு.