நெற்றியில் ஒன்று, கையில் ஒன்று

தேவாங்குக் கணக்கெடுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, நெத்தி லைட்டு வாங்கவா, டார்ச் வாங்கவா?" என்றுதான். அய்யலூர், கடவூர்ப் பக்கத்துக் காடுகளில் இருபது வருஷமாக ராத்திரி நடந்திருக்கிறேன். அந்த நடையில் கற்றதைச் சொல்கிறேன்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் எங்கள் ஊர்ப் பெரியவர். இளவயதில் நெற்றியில் விளக்கும் இடுப்பில் பேட்டரிப் பெட்டியுமாக முயல் வேட்டைக்குப் போனவர். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதை அடியோடு விட்டார். பின்னாளில் ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கு வழிகாட்டியாகப் போனார். உயிரை எடுக்கப் பழகிய கண் உயிரை எண்ணப் பழகிக்கொண்டது. அவர் பின்னால் நடந்தவன் நான்.

முதல் ராத்திரி என் கையில் ஐந்து கட்டை டார்ச். இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு உசிலை மரங்களுக்கு வெளிச்சம் அடித்தபடி ஒரு கிலோமீட்டர் நடந்தேன். ஒரு கண்கூட மின்னவில்லை. பின்னால் வந்த பெரியவர் அதே பாதையில் நான்கு தேவாங்கு எண்ணியிருந்தார். என் கையைப் பிடித்து டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்பப் பாருடா தம்பி." நான் தாண்டி வந்த மரத்திலேயே இரண்டு செம்பொறிகள் சேர்ந்து எரிந்தன.

காரணம் சின்னதுதான். ராத்திரி விலங்குகள் பலவற்றுக்கு விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அது வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். விளக்கு இடுப்பில் இருந்தால் அந்த ஒளி இடுப்புக்குத்தான் திரும்பும், நம் கண்ணுக்கு வராது. தூரத்து மரமென்றால் இந்த வித்தியாசம் தெரியாது. பத்து மீட்டரில் இருக்கும் புதரில்தான் ஏமாந்துபோவோம். தேவாங்கு பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் புதரில்தான் இருக்கும். நெற்றி விளக்கின் பெருமை இது. கண்ணுக்கு மேல் நாலு விரற்கடையில் உட்கார்ந்து, தலை திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பும். கை இரண்டும் முள்ளை விலக்கவும் குறிப்பேட்டில் எழுதவும் மிச்சமிருக்கும்.

அப்படியானால் நெற்றி விளக்கே போதும் என்று நானும் இரண்டு வருஷம் நினைத்திருந்தேன். ஒரு புரட்டாசி ராத்திரி கிளைகளைப் பார்த்துக்கொண்டே காலை எடுத்து வைத்தேன். பெரியவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். தரையைப் பார்த்தேன், சருகும் கல்லும்தான் தெரிந்தது. அவர் கை டார்ச்சை முழங்காலுக்குக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் அடித்தார். சருகுகளுக்கு நடுவே ஒரு சுருளின் நிழல் எழுந்தது. சுருட்டை விரியன். என் செருப்புக்கும் அதற்கும் ஒரு சாண்.

கண்ணுக்குப் பக்கத்திலிருந்து விழும் வெளிச்சத்தில் நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மேடு, பள்ளம், சுருள் எல்லாம் ஒரே தட்டையாகிவிடும். பாம்புக்கு அந்தக் கண்ணாடிப் படலமும் இல்லை, அதனால் கண் மின்னிக் காட்டிக்கொடுக்காது. அதைத் தேட வேண்டியது நிழலில். நிழல் விழ வேண்டுமென்றால் விளக்கு நம் கண்ணைவிட்டுத் தள்ளி, தாழ்வாக இருக்க வேண்டும். மரத்திலுள்ள கண்ணைத் தேட நெற்றி விளக்கு, தரையிலுள்ள உடலைத் தேடக் கை விளக்கு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

மார்கழிப் பனியிலும் கை விளக்குதான் கைகொடுக்கும். நெற்றி வெளிச்சம் பனியில் பட்டு நம் முகத்துக்கே வெள்ளைத் திரையாகத் திரும்பிவிடும். மழை விட்ட ராத்திரிகளில் ஈசலும் விட்டிலும் நேரே முகத்தில் வந்து மோதும். அப்போதெல்லாம் நெற்றி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை முகத்தைவிட்டுத் தள்ளிப் பிடித்து நடப்பேன்.

மின்னுவதெல்லாம் தேவாங்கு இல்லை. பனித்துளியும் மின்னும், ஆனால் தலையை அரையடி நகர்த்தினால் அணைந்துவிடும். தரையில் ஊசிமுனையளவு பச்சையும் நீலமுமாகச் சிதறிக் கிடந்தால் சிலந்திகள். வண்டித்தடத்தில் ஒற்றைச் சிவப்பு உட்கார்ந்திருந்து சட்டென்று பறந்தால் பக்கிக் குருவி. தேவாங்கின் கண்கள் முன்னோக்கியவை. இரண்டும் நெருக்கமாக, சேர்ந்தே தெரியும், மெதுவாக நகரும். இந்த வேறுபாடு எனக்குப் பிடிபட ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. அதுவரை என் எண்ணிக்கையைப் பெரியவர் ஏட்டில் ஏற்றவில்லை. அது சரிதான். இன்று நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

நான் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. குட்டியைச் சுமந்த ஒரு தாயைக் கண்ட மகிழ்ச்சியில் வெள்ளை வெளிச்சத்தை அதன் முகத்திலேயே நிறுத்திவிட்டேன். அது முகத்தைத் திருப்பி, கிளையை இறுகப் பற்றி, அசையாமல் நின்றுவிட்டது. பெரியவர் விளக்கை அணைத்தார். "அது இரை தேடுற நேரம்டா. அந்த நேரத்த நீ பிடுங்கிட்ட." அன்று முதல் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டாக மடித்து, ரப்பர் பேண்டு போட்டு விளக்கு முகத்தில் கட்டாமல் நான் காட்டில் இறங்கியதில்லை. சிவப்பு வெளிச்சம் அவற்றை அதிகம் தொந்தரவு செய்யாது, இருட்டுக்குப் பழகிய நம் கண்ணையும் அவ்வளவாகக் கெடுக்காது. நெற்றி விளக்கிலேயே வரும் சின்னச் சிவப்பு பல்பு பெரும்பாலும் குறிப்பெழுதத்தான் ஆகும், மரத்தின் உச்சிக்கு எட்டாது. அதனால் வெள்ளைக் கற்றை நல்ல கூர்மையாக விழும் விளக்காக வாங்கி, அதன்மேல் காகிதம் கட்டுங்கள். பேட்டரி பின்னந்தலையில் இருக்கும் வகை கழுத்துக்கு இதம்.

கூட்டாளியோடு பேசத் திரும்பும்போது உள்ளங்கையால் நெற்றி விளக்கை மூடிவிடுங்கள். அவர் கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு நொடி வெளிச்சம் அதை அழித்துவிடும். நடை, மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர், தேவாங்குக்கென்று நாட்டிலேயே முதலாவது. பெரியவர் அப்போது இல்லை. அவர் தந்த பழைய டார்ச் என்னிடம் இருக்கிறது.

வர விரும்பும் பிள்ளைகளே, வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்திரிக் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். கணுக்காலை மூடும் பூட்ஸ், மாற்று பேட்டரி, நெற்றியில் ஒன்று, கையில் ஒன்று. காட்டு விளிம்புக்கு வந்ததும் இரண்டையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். முதலில் இருட்டு பழகட்டும், பிறகு விளக்கைப் போடலாம்.