மைக்கை அணைக்காமல் சுடுவது எப்படி

வலோரண்ட் ஆட வரும் புதியவரிடம் முதலில் சொல்லப்படும் அறிவுரை, தரையைப் பார்க்காதே என்பது. திரையின் நடுவில் சின்னதாக ஒரு கூட்டல் குறி இருக்கும். கிராஸ்ஹேர் என்பார்கள். குண்டு அங்கேதான் போகும். புதியவர்கள் நடக்கும்போது அதைத் தரையில் இழுத்துக்கொண்டே போவார்கள். எதிரி தென்பட்டதும் மேலே தூக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, தலையைத் தேடுவதற்குள் செத்துவிடுவார்கள். எதிரியின் தலை வரக்கூடிய உயரத்தில், அவர் வெளிப்படப்போகும் மூலையின் விளிம்பையொட்டி அதை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். கணக்கு எளியது. வேண்டல் என்ற துப்பாக்கியின் ஒரு குண்டு தலையில் பட்டால் 160 சேதம். முழுக் கவசம் போட்டவரின் உயிரே 150தான். உடம்பில் பட்டால் 40, அதாவது நான்கு குண்டு வேண்டும். அந்த நான்கைச் சுடும்வரை எதிரில் இருப்பவர் சும்மா நிற்கமாட்டார்.

பெண்ணை நிலம் பார்த்து நடக்கச் சொன்ன மொழியில் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். இந்த அறிவுரை எனக்கு உடனே பிடித்துப்போனதில் வியப்பில்லை. (ஆண் பிள்ளைகளும் ஆரம்பத்தில் தரையைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே இதை ரொம்ப நீட்டக்கூடாது.)

ஆடாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் 2020 ஜூனில் வெளியிட்ட கணினி ஆட்டம் இது. ஐந்து பேர் தாக்குவார்கள், ஐந்து பேர் காப்பார்கள். தாக்குபவர்கள் ஸ்பைக் என்ற வெடிகுண்டைக் கொண்டுபோய்க் குறித்த இடத்தில் நட வேண்டும். நட 4 விநாடி, நட்டபின் வெடிக்க 45 விநாடி, செயலிழக்கச் செய்ய 7 விநாடி. செத்தவர் அந்த ரவுண்டு முடியும்வரை வேடிக்கை பார்க்கலாம். 13 ரவுண்டு எடுக்கும் அணி வெல்லும். 12 ரவுண்டு முடிந்ததும் தாக்கியவர்கள் காக்க வேண்டும், காத்தவர்கள் தாக்க வேண்டும். புறப்பொருள் வகுப்பில் மதிலை வளைப்பவருக்கு உழிஞைப்பூ, காப்பவருக்கு நொச்சிப்பூ என்றால் ஒரு முகமும் அசையாது. வலோரண்டில் பாதி ஆட்டத்தில் பூ மாறுகிறது என்று ஒருநாள் சொன்னேன். கடைசி வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

துப்பாக்கிக்குப் பளபளக்கும் ஸ்கின்களை உண்மையான காசு கொடுத்து வாங்கலாம். குண்டின் வலு ஒரு புள்ளியும் கூடாது. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் இந்த விஷயத்தைத்தான் பேசுகிறார். அதியமானின் தூதாகப் போனவர், தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூடி நெய் பூசிக் காவலில் பத்திரமாக இருப்பதையும், தன் தலைவனின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடப்பதையும் அடுத்தடுத்து வைக்கிறார். வெளிப்பார்வைக்குப் புகழ்ச்சி. ஸ்கின் வாங்கலாமா என்று கேட்கும் மாணவிகளுக்கு நான் இந்தப் பாட்டைச் சொல்வது வழக்கம். ஆனால் இதை எண்ணும்போதெல்லாம் இன்னொன்றும் தோன்றும். புறப்பாடல்களில் பெண் போரைப் பற்றிப் பேசுகிறாள். தூது போகிறாள், மகனைக் களத்துக்கு அனுப்புகிறாள், மார்பில் பட்ட புண்ணைக் கண்டு மகிழ்கிறாள். குரல் இருக்கிறது, கையில் வேல் இல்லை. இந்த ஆட்டத்தில் அது அப்படியே தலைகீழ். துப்பாக்கி எல்லோருக்கும் ஒரே விலை, வேண்டல் 2900 கிரெடிட். பெண் குரலுக்குத்தான் தனி விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் கை சம்பந்தப்பட்டவற்றை முடித்துவிடுகிறேன், எல்லாமே பழகினால் வருபவை. ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். நின்று சுட வேண்டும். இடதுபக்கம் நகர்ந்துகொண்டிருந்தால் வலதுபக்க விசையை ஒரு கணம் தட்டுங்கள், உடல் சட்டென்று நிற்கும், அந்தக் கணத்தில் சுடுங்கள். இரண்டு மூன்று குண்டோடு விரலை எடுங்கள், விடாமல் அழுத்தினால் துப்பாக்கி மேலே ஏறிவிடும். ஓடினால் காலடி கேட்கும், ஷிஃப்ட் விசையைப் பிடித்து நடந்தால் கேட்காது. மூலையைத் திரும்பும்போது ஒரே பாய்ச்சலாக வெளியே குதிக்காதீர்கள். தோசையைப் பிய்ப்பதுபோல அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள், ஒரு நேரத்தில் ஒரு எதிரிக்கு மட்டும் தெரிவீர்கள். தனியாகப் போகாதீர்கள். முன்னால் போனவர் செத்தால் அவரைக் கொன்றவரை அடுத்த கணமே நீங்கள் கொல்லும் தூரத்தில் இருங்கள். இதற்கு டிரேட் என்று பெயர். முன்னால் போய்ச் சாகிறவர் எப்போதும் ஒருவரே என்றால் மட்டும் அணிக்குள் ஒரு பேச்சுவார்த்தை தேவை.

மவுஸின் வேகத்தைக் குறைத்து வையுங்கள் என்பதும் நல்ல அறிவுரை. வேகம் குறைந்தால் குறி நிலைக்கும். ஆனால் திரும்பிப் பார்க்க மணிக்கட்டு போதாது, முழங்கையையே வீச வேண்டும். அதற்கு மேசை வேண்டும். என் மாணவிகளில் ஒருத்தி தையல் மெஷினின் பலகையில் மவுஸ் வைத்து ஆடுகிறாள். இன்னொருத்திக்கு விடுதியில் நான்கு பேருக்கு ஒரு மேசை. வேகத்தைக் குறை என்று எழுதுகிறவர்கள் கையை அகட்டி உட்காரும் இடம் எல்லோருக்கும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நேரமும் அப்படித்தான். ஒரு போட்டி ஆட்டம் 35, 40 நிமிடம் ஓடும். வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்று நடுவில் நிறுத்த முடியாது. எழுந்து போனால் அணி நால்வராகும், போனவருக்குத் தண்டனையும் உண்டு. “பால் பொங்குது, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போடி” என்ற ஒரு வரிக்கு எத்தனை ரவுண்டு போயிருக்கிறது என்று அவர்களிடம் கேட்டால் பெரிய பட்டியலே வரும். இதே வீடுகளில் அண்ணன்மார் ஆடும்போது பாலை அம்மாக்களே இறக்கிவைக்கிறார்கள்.

இதையெல்லாம் சமாளித்து ஒருத்தி குறிபார்க்கக் கற்றுக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு ஆட்டத்தை வெல்வது தகவல். எதிரிகள் எங்கே, எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு அடி. இதை மைக்கில் சொல்வதற்குக் கால்அவுட் என்று பெயர். நானும் முன்னாள் மாணவிகள் நால்வரும் ஞாயிறு இரவுகளில் ஆடுகிறோம். ஆரம்பத்தில் அவர்களின் கால்அவுட் இப்படி இருந்தது: “மேம், உங்களுக்குப் பின்னாடி ஒருத்தங்க வர்றாங்க, பாத்துக்கோங்க மேம்.” இரண்டாவது மேம் வருவதற்குள் நான் செத்திருப்பேன். நம்முடைய மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது, வினையோ வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. சண்டைக்கு இது உதவாது. ஆகவே வினையையே எடுத்துவிட்டோம். இடம், எண்ணிக்கை, அடி, அவ்வளவுதான். “ஏ மெயின், ரெண்டு. ஜெட் எண்பது.” ஜெட் என்ற வீராங்கனையின் மேல் 80 சேதம் ஏறியிருக்கிறது என்று பொருள். மேம் போய்விட்டது, ‘ங்க’ போய்விட்டது. திங்கட்கிழமை கல்லூரியில் சந்தித்தால் இரண்டும் திரும்பிவிடும். தமிழ் வாக்கியம் இவ்வளவு சுருங்கி இவ்வளவு சொல்லும் என்பதை என் ஆய்வேட்டுக்காகப் படித்த காலத்தில்கூட இத்தனை தெளிவாக உணர்ந்ததில்லை.

ஐந்து பெண்களாக ஆடும்போதுதான் இந்தச் சுகம். தனியாகப் போய் முன்பின் தெரியாத நால்வருடன் சேர்க்கப்பட்டு, பேசும் விசையை அழுத்தி “பி மெயின், மூணு” என்று சொன்னால், மூன்று பேர் எங்கே என்று எல்லோரும் பார்ப்பதில்லை. “பொண்ணா?” என்று ஒரு குரல் வரும். அதற்குள் அந்த மூவர் பி மெயினைத் தாண்டியிருப்பார்கள். பிறகு இன்ஸ்டாகிராம் ஐடி கேட்பார்கள். கொடுக்காவிட்டால் வசவு, அதுவும் பெரும்பாலும் உடம்பைப் பற்றி. நன்றாக ஆடினால், பக்கத்தில் யாரோ ஒரு பையன் ஆடித் தருகிறான். மோசமாக ஆடினால், பெண்கள் இப்படித்தான். என் மாணவிகள் ஒவ்வொருவரும் இதைத் தனித்தனியாகச் சொன்னார்கள், வரிசை மாறாமல். ஆகவே அவர்கள் மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். கண்ணுக்கு முன்னால் எதிரி போவதைப் பார்த்தும் சொல்வதில்லை. ரவுண்டு போகிறது. பேசாத ஐந்தாவது ஆளைத் திட்டுகிறார்கள். தகவல் கொடு என்று அறிவுரை எழுதுகிறவர், தகவலுக்கு ஒரு தொண்டை வேண்டும் என்பதையும் அந்தத் தொண்டை யாருடையது என்பதையும் நினைப்பதே இல்லை.

குறி மட்டும் போதும், பேசாமல் நிரூபிக்கலாம் என்று நினைப்பவர்கள் தென்கொரியாவின் கிம் செ-யானைப் பார்க்கலாம். ஓவர்வாட்ச் என்ற ஆட்டத்தில் கெகுரி என்ற பெயரில் ஆடியவர். 2016இல், 17 வயதில், அவருடைய குறியின் துல்லியத்தைப் பார்த்து எதிரணி ஆட்டக்காரர்கள் மென்பொருள் வைத்து ஏமாற்றுகிறார் என்றார்கள். அவர் நேரலையில் தன் கையும் மவுஸும் திரையும் கேமராவில் தெரிய ஆடிக்காட்டினார். குற்றம் சாட்டியவர்களில் இருவர் போட்டிகளை விட்டே விலகினார்கள். 2018இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணி அவரைச் சேர்த்தது. ஓவர்வாட்ச் லீக்கில் ஆடிய முதல் பெண் அவர். நல்ல முடிவுதான். ஆனால் அதே குறி ஒரு பையனுக்கு இருந்தால் ஒப்பந்தத்தோடு வந்து நிற்பார்கள், கையைக் காட்டச் சொல்ல மாட்டார்கள். கையைக் காட்டு என்பதற்கு நம்மூர்க் கதைகளில் பழைய பெயர் இருக்கிறது, அதை இங்கே எழுத மனமில்லை.

வலோரண்டில் பெண்களுக்கென்று கேம் சேஞ்சர்ஸ் என்ற போட்டி வரிசை 2021இல் தொடங்கியது. 2022இல் பெர்லினில் நடந்த அதன் முதல் உலகப் போட்டியை ஜி2 கோஸன் அணி வென்றது. மின்சார ரயிலின் மகளிர் பெட்டிதானே இது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிப்பவர்கள் பொதுப் பெட்டியில் ஒன்பது மணி கூட்டத்தில் நின்று பார்த்தவர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

குரல் கேட்டதும் வரும் இன்னொரு ஆணை, சேஜ் எடு. சேஜ் அணியினரைக் குணப்படுத்துபவள், செத்தவரை எழுப்புபவள். அதே மருத்துவத்தைத் தனக்குச் செய்துகொண்டால் குறைவாகத்தான் உயிர் ஏறும். இந்த விதியை எழுதியவர் எங்கள் தெருவில் குடியிருந்திருக்கக்கூடும். சேஜைக் கேவலமாகச் சொல்லவில்லை. அவள் எழுப்பும் சுவரை நேரம் பார்த்து வைத்தால் ஒரு ரவுண்டே நிற்கும். பிடித்திருந்தால் எடுங்கள். சொன்னார்கள் என்பதற்காக எடுக்காதீர்கள். முன்னால் பாய்ந்து சுடும் ஜெட்டும் ரெய்னாவும்கூடப் பெண்கள்தான், அவர்களை எடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

துப்பாக்கி ஆட்டத்தில் பெண்ணியவாதிக்கு என்ன வேலை என்று உடன் பணியாற்றும் ஒருவர் கேட்டார். கோபத்தைக் காட்ட இடமில்லாமல் நாற்பது வயதைக் கடந்தவளுக்கு, கோபப்படாமல் நிதானமாகக் குறிபார்ப்பது ஒரு பெரிய மகிழ்ச்சி என்றேன். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அது அவர் பாடு.

இனி எந்த வழிகாட்டியிலும் காணாதவை. தெரியாத அணியில் முதல் சொல்லே தகவலாக இருக்கட்டும். ஹலோ சொல்லித் தொடங்கினால் அறிமுகப் படலம் ஆரம்பித்துவிடும். “மிட், ஒண்ணு” என்று தொடங்கினால், அது சரியாகவும் இருந்தால், இரண்டு ரவுண்டில் பாதிப் பேர் பழகிவிடுகிறார்கள். திட்டுகிறவருக்குப் பதில் சொல்லாதீர்கள். பதில் சொல்லும் நேரத்தில் காலடிச் சத்தம் கேட்காமல் போகும். அவர் ஒருவரின் குரலை மட்டும் அணையுங்கள், மற்ற மூவரையும் விட்டுவையுங்கள், அவர்களிடமும் தகவல் இருக்கிறது. உங்கள் மைக்கை மட்டும் அணைக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் புகார் கொடுங்கள். குரலைப் பதிவுசெய்து ஆராயும் ஏற்பாட்டை ரயட் 2022இல் தொடங்கியபோது அது வட அமெரிக்காவில், ஆங்கிலத்துக்கு மட்டும்தான். நம்மூர் வசவின் நுட்பம் எந்த இயந்திரத்துக்கு எப்போது புரியும் என்று காத்திருக்க வேண்டாம், புகாரில் நீங்களே எழுதுங்கள். முடிந்தால் இருவராகச் சேர்ந்து போங்கள். ஒரு பெண் குரல் இருந்தால் விசாரணை. இரண்டு இருந்தால் என்ன செய்வதென்று அவர்களுக்கே குழப்பம்.

செத்துவிட்டால், பார்த்ததை ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள். இது எல்லோருக்கும் பொது. ஆனால் கடைசியாக உயிரோடு இருப்பவர் பெண் என்றால் செத்த நால்வரும் ஒரே நேரத்தில் அறிவுரை சொல்வார்கள். இடதுபக்கம் போ, போகாதே, சுடு, ஏன் சுட்டாய். செத்தவர்களின் அறிவுரை உயிரோடிருப்பவளுக்கு எந்தக் காலத்தில் உதவியிருக்கிறது? அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் நால்வரின் குரலையும் அணைத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது வேறு சத்தம். லோட்டஸ் என்ற வரைபடம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதாக அமைக்கப்பட்டது. அங்கே சுழலும் கல்கதவுகள் உண்டு. யார் திறந்தாலும் கல் உரசும் சத்தம் தூரத்துக்குக் கேட்கும். ஓடாமல், ஷிஃப்டைப் பிடித்தபடி, அதைக் கேளுங்கள். கேட்டதும் எந்தக் கதவு என்று முடிவுசெய்து, அதன் விளிம்பில் தலை உயரத்தில் கிராஸ்ஹேரை வைத்துக் காத்திருங்கள். ஒருவர் வருவார்.