காவிரியில் பரிசல், கரையில் கூடாரம்

"தண்ணீர்ப் பக்கம் போகாதே!" என் பெண் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து நான் ஓதி வந்த மந்திரம் இதுதான். சிறு வயதில் கோயில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்து, யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தவள் நான். அந்தப் பயத்தை அவளுக்கும் சீதனமாகக் கொடுத்துவிட்டேன் என்பது பீமேஸ்வரிக்குப் போனபோதுதான் புரிந்தது.

பெங்களூரில் இருக்கும் என் தம்பிதான் அழைத்துப் போனான். கனகபுரா, ஹலகூர் வழியாகச் சுமார் 100 கிலோ மீட்டர். காவிரி வனவிலங்கு சரணாலயத்தில், ஆற்றங்கரையிலேயே கூடாரம். கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. வெளியே வந்தால் காடுதான். கரை நெடுக மருத மரங்கள். கிளைகளில் சாம்பல் நிறப் பெரிய அணில்கள்!

தூண்டில் ஆசையோடு வந்த தம்பிக்குத்தான் ஏமாற்றம். 'மஹ்சீர்' என்கிற பெரிய கெண்டை மீனுக்குப் பேர்போன இடம் இது. முன்பெல்லாம் வெளிநாட்டார் வந்து பிடித்து, எடை பார்த்து, ஆற்றிலேயே விட்டுவிடுவார்களாம். 1946-ல் கபினி ஆற்றில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையுள்ள மஹ்சீர் பிடிபட்டதாம்! காவிரிக்கே உரிய திமில் மஹ்சீரோ இன்று அழியும் நிலையில் இருக்கிறது. நாங்கள் போனபோது தூண்டில் போட அனுமதி இல்லை.

மறுநாள் காலை பரிசல் சவாரி. பெரிய வட்டக் கூடை மாதிரி இருந்ததைப் பார்த்ததுமே, "நான் வரலை" என்று பின்வாங்கினேன். "நானும் வரலைம்மா" என்று என் பெண் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பயந்து வெளுத்த அந்த முகம் அப்படியே என் முகம்! சுருக்கென்றது. "வாடி, போகலாம்" என்று அவள் கையைப் பிடித்தேன்.

பரிசல்காரப் பெரியவர் மிதவைச் சட்டையின் வார்களை இழுத்துப் பார்த்த பிறகே ஏற்றினார். "நடுவிலே எழுந்திருக்கக் கூடாது. எடை சமமா உட்காரணும். தண்ணியிலே கை விடக் கூடாது."

பாதி தூரத்தில் பயம் தெளிந்த பெண், மெள்ளக் கையைத் தண்ணீருக்குக் கொண்டுபோனாள். "கையை எடு தாயி!" ஒரே அதட்டல். எதிர்ப்பாறையில் கிடந்த 'கட்டை' நகர்ந்து ஆற்றில் இறங்கியது. முதலை!

மூச்சு வந்த பிறகு, "உங்களுக்குப் பயமே கிடையாதா?" என்று கேட்டேன்.

"பயம் இல்லாமலா அம்மா? மேலே அணையிலே தண்ணி திறந்தா பரிசலைத் தொடமாட்டேன். சுழி எங்கே, பாறை எங்கேன்னு தெரியும். அதனாலேதான் வர்றேன்."

அன்று இரவு கூடாரத்தில் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பெண்ணுக்குப் 'போகாதே' என்று சொன்னேனே தவிர, எதைப் பார்த்து நடக்க வேண்டும் என்று சொல்லித் தரவே இல்லை.

குழந்தைகளோடு போகும் சகோதரிகளுக்கு: டார்ச், முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, குடிதண்ணீர் அவசியம். மிதவைச் சட்டை குழந்தையின் அளவுக்குச் சரியாக இருக்கட்டும். முழங்கால் ஆழம்தானே என்று ஆற்றில் இறங்கவே இறங்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் பெண்ணை நீச்சல் வகுப்பில் சேர்த்தேன். கூடவே, நாற்பத்து மூன்று வயதில், நானும் சேர்ந்தேன். அவள் நீந்துகிறாள். நான் இன்னும் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் காலை உதைக்கிறேன். பரவாயில்லை, தண்ணீருக்குள் இறங்கிவிட்டேனே!