இம்பாலாவை விற்ற கதை

லேக் மார்க்கெட் அருகே நாம் குடியிருக்கும் இல்லத்தின் உரிமையாளர் எண்பதைக் கடந்த வங்காளிப் பெரியவர். அவரது கொட்டகையில் 1959ஆம் ஆண்டுச் செவ்ரோலே இம்பாலா ஒன்று நின்றது. நீளம் ஏறத்தாழ 17.5 அடி, 2014இல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரோ 14 அடிதான். பின்புறம் பறவை சிறகு விரித்தாற்போன்ற தகடுகள். முன்னிருக்கையிலேயே மூவர் அமரலாம். அது குடிக்கும் பெட்ரோலைக் கணக்கிட்டால் மத்திய அரசு எழுத்தரான நமக்குத் தலை சுற்றும். ஆயினும், 1968இல் கல்கத்தாவில் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பழங்கார் அணிவகுப்பு நெருங்கும் நாள்களில் பெரியவர் குரோமியப் பட்டைகளைத் துடைக்க அமர்ந்தால், நம் பிள்ளைகளும் துணியோடு ஓடிவிடுவர்.

சென்ற ஆண்டு அதை விற்க நேர்ந்தது. விளம்பரம் எழுதும் பணி நமக்கு. இருபதாண்டு கோப்பெழுதிய கையல்லவா! "நல்ல நிலையில் உள்ளது" என்றெழுதினோம்.

"பிரேக் ஒருபுறம் இழுக்கும், அதையும் எழுதுங்கள்" என்றார்.

வந்தவர்களிடம் விலை பேசுமுன், "எங்கே நிறுத்துவீர்கள்?" என்பார். திருமண வாடகைக்கு விட நினைத்த ஒருவர் மிகுதியாகத் தர முன்வந்தும் மறுத்துவிட்டார். பணமோ அவர் மனைவியின் மருத்துவத்திற்கு வேண்டியிருந்தது. வீண் பிடிவாதம் என்று நாம் வாய்விட்டே சொன்னோம். இரு நாள்கள் அவர் நம்மோடு பேசவில்லை.

இறுதியில் ஹவுராவில் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் குறைந்த விலைக்கு, அதுவும் தவணையில், வாங்கினார். பெயர்மாற்றத்திற்குப் பெல்தலா அலுவலகம்வரை நாமும் உடன்சென்றோம். திரும்புகையில் டாக்சியின் முன்னிருக்கையில் அமர்ந்த பெரியவர், கியர் மாற்றும் முறையை ஓட்டுநருக்கு வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.