வண்டியை விட்டு இறங்கக் கூடாது

மிருகக்காட்சிசாலையில் மிருகங்கள் கூண்டுக்குள் இருக்கும். நாம் வெளியே நின்று வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் இந்த ஏற்பாடு தலைகீழ். அங்கே கூண்டுக்குள் இருப்பவர்கள் நாம்தான். கூண்டுக்கு நான்கு சக்கரங்கள் உண்டு. அதை நாமேதான் ஓட்டிக்கொண்டு போகவேண்டும்.

நம் முதுமலையில் வனத்துறை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டி, ஜாக்கிரதையாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். க்ரூகரில் வாயிலில் பணத்தைக் கட்டிவிட்டுச் சொந்தக் காரிலேயே உள்ளே போகலாம். வழிகாட்டி வேண்டியதில்லை; டிரைவர் வேண்டியதில்லை. நிபந்தனைகள் மட்டும் உண்டு. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40. மாலையில் வாயில் மூடுவதற்குள் வேலி போட்ட முகாமுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், தாமதித்தால் அபராதம். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று: குறிப்பிட்ட சில இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

எங்கள் மாப்பிள்ளைக்கு ஜோகன்னஸ்பர்க்கில் உத்தியோகம். ஒரு ஜூலை மாதம், பேத்தியின் பள்ளிக்கூட விடுமுறையில், நாங்கள் ஐந்து பேரும் புறப்பட்டோம். ஜூலை அங்கே குளிர்காலம். மழை கிடையாது, புல் காய்ந்து, மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். மிருகங்கள் தண்ணீரைத் தேடி ஆற்றோரம் வரும். பார்க்கப் போகிறவர்களுக்கு அதுதான் நல்ல காலம்.

காடு என்றதும் என் மனைவி நம் பக்கத்துச் சோலைகளை நினைத்துக்கொண்டிருந்தாள். க்ரூகர் அப்படி அல்ல. முள்மரங்கள் விட்டுவிட்டு நிற்கும் மஞ்சள் வெளி. வடக்குத் தெற்காக ஏறக்குறைய 360 கிலோமீட்டர் நீளம். பரப்பு 19,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் புறப்பட்டுத் தஞ்சாவூரைத் தாண்டும் வரை ஒரு வீடு இல்லை, ஒரு காப்பிக் கடை இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

முதல் இம்பாலா மானைக் கண்டதும் வண்டியை நிறுத்திப் பத்துப் படம் எடுத்தோம். மத்தியானத்துக்குள் ஐந்நூறு மான்களைப் பார்த்தாகிவிட்டது. அப்புறம் பேத்தியே, "வெறும் இம்பாலாதான் தாத்தா, போகலாம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மனிதன் எதையும் எத்தனை சீக்கிரம் மலிவாக்கிவிடுகிறான்!

மலிவாகாதது சிங்கம் ஒன்றுதான். எதிரே வருகிறவர்கள் கண்ணாடியை இறக்கி முதலில் கேட்பது அதைத்தான். சாலையில் இருபது கார்கள் தாறுமாறாக நின்றால் அங்கே சிங்கம் இருக்கிறது என்று அர்த்தம். நாங்களும் போய்ச் சேர்ந்து முக்கால் மணி நேரம் நின்றோம். புல்லுக்கு மேலே ஒரு காது தெரிந்தது. ஒரு தரம் அசைந்தது. அத்தோடு தரிசனம் முடிந்தது.

யானை விஷயம் வேறு. ஸபீ ஆற்றோரச் சாலையில் ஒரு வளைவு திரும்பினோம். எதிரே ஒற்றைக் கொம்பன், நடுச் சாலையில், எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. நம் கோயில் யானையைப் பார்த்த கண்ணுக்கு அதன் காது ஒவ்வொன்றும் ஒரு கதவு மாதிரி இருந்தது. கன்னத்தில் மதநீர் கோடாக வழிந்திருந்தது. மாப்பிள்ளை பேசாமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். அது ஓரடி வைத்தால் நாங்கள் ஓரடி. இப்படி முந்நூறு மீட்டர் போயிருப்போம். என் மனைவி, "பிள்ளையாரப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்தப் பிள்ளையாரே மனமிரங்கிப் பக்கத்துப் புதருக்குள் திரும்பிக்கொண்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் எங்கள் பக்கம் அது ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையைப் போட்டது யாராயிருந்தாலும், வழி யாருடையது என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

அன்று இரவு ஸ்குகுஸா முகாமில் தங்கினோம். பூங்காவின் தலைமை இடம் அதுதான். கூரை வேய்ந்த வட்டக் குடிசைகள். வாசலில் இறைச்சி சுடும் அடுப்பு. குரங்கு திறக்காதபடி பூட்டு வைத்த குளிர்பெட்டி. "ஸ்குகுஸா என்றால் என்ன தாத்தா?" என்று பேத்தி கேட்டாள்.

அது ஓர் ஆசாமியின் பெயர். 1898-இல் பால் க்ரூகர் என்ற போயர் ஜனாதிபதி, ஸபீ ஆற்றுக்குத் தெற்கே ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார். அதற்குள் யானையும் மானும் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்கு இரையாகி அருகிப் போயிருந்தன. 1896-இல் வந்த மாட்டுக் கொள்ளைநோய் எருமைகளையும் வாரிக்கொண்டு போயிருந்தது. போயர் யுத்தம் முடிந்த 1902-இல் ஸ்டீவன்ஸன்-ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து ராணுவ அதிகாரி காவலராக வந்தார். 1946 வரை இருந்தார். இன்று அங்கே மிருகம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அவருடைய பிடிவாதமும் ஒரு காரணம். அவர் வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அங்கே குடியிருந்த ஜனங்களை வெளியேற்றியது. அந்த ஜனங்கள் தங்கள் ஸோங்கா மொழியில் அவருக்கு வைத்த பெயர்தான் ஸ்குகுஸா: பெருக்கித் தள்ளுகிறவன். பின்னால் அந்தப் பெயரையே தலைமை முகாமுக்கும் சூட்டிவிட்டார்கள்.

"அப்போ இங்கே மனுஷங்க இருந்தாங்களா?" என்றாள் பேத்தி. அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

அடுத்த குடிசையில் டர்பனிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கவுண்டர் என்ற குலப்பெயர் நேட்டாலில் 'கோவெண்டர்' ஆகிவிட்டது. அந்த வம்சம் அவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் கொள்ளுப்பேரன். தமிழ் நாலைந்து வார்த்தைகள்தான் வந்தது, ஆங்கிலத்தில் பேசினார். சின்ன வயதில் அப்பாவோடு க்ரூகருக்கு வந்திருக்கிறாராம். ஆனால் ஸ்குகுஸாவில் அவர்கள் படுக்க முடியாது. வெள்ளையரல்லாதவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த இடம் பலூலே என்ற சிறு முகாம். "சிங்கத்துக்கு எங்கள் நிறம் ஒரு பொருட்டாயில்லை" என்று சிரித்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். இப்போது எந்த முகாமிலும் யார் வேண்டுமானாலும் தங்கலாம். அவர் ஸ்குகுஸாவிலேயே இடம் கேட்டு வாங்கியிருந்தார்.

மறுநாள் வடக்கே போகும் வழியில் பலூலேயை வெளியிலிருந்தே பார்த்தோம். இன்றும் மின்சாரம் இல்லை. ஐந்தாறு வட்டக் குடிசைகள், ஒரு வேலி. அமைதியை நாடிப் பணம் கொடுத்து அங்கே தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அதிகம் பேசவில்லை.

மூன்றாம் நாள், பலபோர்வா வாயிலை நோக்கி வருகையில், மாசோரினி என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். இறங்கலாம் என்று அனுமதித்திருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. குன்றின் சரிவில் ஒரு பழைய கிராமத்தைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பலபோர்வா ஜனங்கள் இரும்பு உருக்கிய ஊர். மண்ணால் செய்த உலை; காற்று ஊத ஆட்டுத்தோல் துருத்தி; தானியம் அரைத்துக் குழிந்துபோன கல். என் மனைவி அந்தக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, குழியில் கையை வைத்துப் பார்த்தாள். "நம்ம அம்மி மாதிரிதான். எத்தனை பெண்கள் அரைச்சிருந்தா இப்படித் தேயும்?" என்றாள். மூன்று நாட்களாக ஆளற்ற வனாந்தரம் என்று வியந்து பார்த்துக்கொண்டு வந்த பூமியில், ஒரு கொல்லன் உலையும் ஒரு சமையற்கட்டும் இருந்தன.

பெருக்கித் தள்ளியிராவிட்டால் இந்த மிருகங்கள் பிழைத்திருக்குமா என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு நான் சொல்வதைவிட மகுலேகே ஜனங்கள் செய்த காரியமே நல்ல பதில். பூங்காவின் வடகோடியில், லிம்போபோ ஆற்றுக்கும் லுவுவு ஆற்றுக்கும் நடுவே அவர்கள் வாழ்ந்தார்கள். 1969-இல் நிறவெறி சர்க்கார் அவர்களை விரட்டிவிட்டு நிலத்தைப் பூங்காவோடு சேர்த்துக்கொண்டது. நிறவெறி ஆட்சி ஒழிந்தபின் வழக்காடி, 1998-இல் சுமார் 24,000 ஹெக்டேரைத் திரும்பப் பெற்றார்கள். வீடு கட்டியிருக்கலாம், உழுதிருக்கலாம். செய்யவில்லை. நிலம் எங்களுடையது, ஆனால் மிருகங்கள் இருக்கட்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, அங்கே வரும் பிரயாணிகளால் கிடைக்கும் வருமானத்தைப் பெறுகிறார்கள். காட்டைக் காப்பாற்ற விளக்குமாறு அவசியமில்லை என்று காட்ட, விரட்டப்பட்டவர்களே வரவேண்டியிருந்தது.

க்ரூகருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யானைக்கு வழி விடுங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பலபோர்வா வழியாகத் திரும்பினால், மாசோரினியில் அரைமணி நேரம் இறங்கி நில்லுங்கள். சிங்கத்தின் காது மட்டும் தெரிந்தாலும் பாதகமில்லை.